பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே எனக்குள் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பேனாவை எடுப்பேன். 'பத்தாவது வரை படித்த வீட்டுப் பொம்பளை, உனக்கெதற்கு இந்த வேலை, போய் இட்லிக்கு அரைக்கிற வழியைப் பார்' என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். வைத்துவிடுவேன். சொந்தத் திருச்சபையைச் சந்தி சிரிக்க வைக்கிறாள் என்பார்களே என்று ஒரு பயம். அந்தப் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடக் கூடாதே என்று அதைவிடப் பெரிய பயம். விஷயமும் வாயால் சொல்லக் கூசுகிற விஷயம்தான். நாம் கூசுகிறோம் என்பதாலேயே எத்தனையோ பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, கூச்சத்துக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

யார் பெயரும் இதில் இருக்காது. கோபம் இருக்கும். ஜெபித்துப் பார்த்தேன், அது போகவில்லை. இயேசு ஆண்டவரும் கோயிலுக்குள் வியாபாரிகளின் மேசையைக் கவிழ்த்தவர்தானே என்று இருந்துவிட்டேன்.

காரைக்குடியில் எங்கள் வீடு மாடியோடு சேர்ந்த சின்ன வீடு. வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார், தண்ணீர்த் தொட்டி மோட்டார் எல்லாம் எரிந்துபோனால் அவரிடம்தான் வரும். மாடி அறையை வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வாடகைக்கு விடுவோம். அப்படி வந்தவள்தான் அவள். சிங்கம்புணரிப் பக்கம். அப்பா இல்லை, அம்மா மட்டும். இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வயது இருபத்துநான்கு. வந்த முதல் ஞாயிறே எங்களோடு ஆராதனைக்கு வந்தாள். நல்ல குரல், அடுத்த மாதமே பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். வயதுப்படி நான் அவளுக்குச் சித்தி முறை இருப்பேன், ஆனால் சபையில் நான் எல்லோருக்கும் அக்கா, அவளுக்கும் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலிபர் வாரம். சபையில் ஒரு தம்பி எழுந்து சாட்சி சொன்னார். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஓட்டலாக்கி நடத்துகிறார்களே, அப்படி ஒன்றில் வரவேற்பில் வேலை பார்க்கிறவர். கைபேசியில் பார்க்கக் கூடாததைப் பார்த்துப் பார்த்து அதற்கு அடிமையாகிவிட்டதாகவும், விடமுடியாமல் தவித்ததாகவும், இப்போது ஆண்டவர் விடுதலை கொடுத்ததாகவும் சொன்னார். சொல்லும்போது அழுதார். சபையே கை தட்டியது. போதகர் அவரைக் கட்டித் தழுவி, "தைரியமான மகன்" என்றார். அடுத்த மாதம் வாலிபர் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அந்தத் தம்பி மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. அவர் சொன்னது நிஜம், அழுததும் நிஜம்.

அன்று மத்தியானம் சாப்பிடக் கூப்பிட மாடிக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி, ஊருல அம்மாவுக்கு முடியலையா?"

"இல்லக்கா."

"வேலையில எதும் சொன்னாகளா?"

"அக்கா, அந்த அண்ணன் சொன்னாகள்ல, அது எனக்கும் இருக்கு."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பொம்பளைப் பிள்ளைக்கு அப்படி ஒன்று வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போன ஊரில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத அறையில், தனிமைக்குத் தொடங்கியது. பார்ப்பதில் தொடங்கி, முகம் தெரியாத ஆட்களோடு பேசுவதில் போய் நின்றது. ஒவ்வொரு முறையும் அழுது, ஆண்டவரிடம் சத்தியம் பண்ணி, மறுநாளே உடைப்பாள். தூக்கம் கெட்டது. பரிசோதனைக் குழாயில் பெயர்ச்சீட்டு மாற்றி ஒட்டி ஒருமுறை வேலையே போகப் பார்த்தது. "விடணும்னு நெனைக்காத நாளே இல்லக்கா. கை தானாப் போகுது" என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் உண்மை. "மொதல்ல சோறு சாப்புடு" என்றேன். சாப்பிட்டாள். பிறகு இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம். ஜெபத்தில்கூட எனக்கு அந்தக் காரியத்தின் பெயரைச் சொல்ல வரவில்லை. "உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன்.

மதுரையில் ஒரு மனநல ஆலோசகர் அம்மா இருந்தார்கள், அவர்களும் விசுவாசிதான். தூரத்து உறவில் ஒருவர் குடியை விட அவர்களிடம் போய் வந்தது ஞாபகத்துக்கு வந்து, அவளைக் கூட்டிப் போனேன். அந்த அம்மா அவளிடம் தனியாகப் பேசிவிட்டு, அவள் சம்மதத்தோடு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். "இது கெட்ட பிள்ளைக்கு வர்றதுன்னு நெனைக்காதீங்க. ஒளிச்சு வைக்க வைக்க வளரும். ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருந்தா பாதி பலம் போயிரும். அந்த ஒரு ஆளா நீங்க இருப்பீங்களா?" என்று கேட்டார்கள். இருப்பேன் என்றேன். ஜெபத்தை விடச் சொல்லவில்லை. மாதம் இரண்டு முறை வரச் சொன்னார்கள், வேறு சில பயிற்சிகளும் சொல்லிக் கொடுத்தார்கள்.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. சாயங்காலம் சாப்பிட வரும்போதே கைபேசியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும், காலையில் வேலைக்குப் போகும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். மனம் அலைபாய்கிற நேரத்தில் கீழே இறங்கி வந்து "அக்கா, கஷ்டமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் எதுவும் கேட்க மாட்டேன். சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டி அவள் முன்னால் வைப்பேன், உரிப்பாள். கைக்கு வேலையும் ஆச்சு, கண்ணீருக்குச் சாக்கும் ஆச்சு. அந்த வருடம் எங்கள் வீட்டில் உரித்த வெங்காயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றும் தெரியாத என் வீட்டுக்காரர், "என்னடி இது, திங்கக்கெழமையும் வெங்காயச் சாம்பாரு, செவ்வாக்கெழமையும் வெங்காயச் சாம்பாரு. மார்க்கெட்ட வெலைக்கு வாங்கிட்டியா?" என்பார். அவள் தலையைக் குனிந்து சிரிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்த்து எவ்வளவோ நாளாயிருந்தது.

இப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவளுக்கு ஒரு ஆசை. தான் உண்டு தன் பாவம் உண்டு என்று ஒளித்துக்கொண்டு பாடகர் குழுவில் நிற்பது பொய்யாக இருக்கிறது என்றாள். "அந்த அண்ணன் சொன்னப்ப எல்லாரும் எப்படிக் கட்டிப் புடிச்சாக! நானும் அம்மாகிட்ட மட்டும் சொல்லி ஜெபிக்கச் சொல்றேன்க்கா" என்றாள். அம்மா என்றால் போதகரின் மனைவி. என்னைவிட வயதில் சின்னவர்கள்தான், ஆனாலும் நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. மேய்ப்பன் வீட்டில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? போய்ச் சொன்னாள். அவர்களும் அவள் தலையில் கை வைத்து அழுது ஜெபித்தார்களாம். வரும்போது இவள் முகம் பளிச்சென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் சபையில் பெண்களின் உபவாச ஜெபம் நடக்கும். அதில் ஜெபக்குறிப்பு சொல்வது ஒரு வழக்கம். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். சொந்த வீட்டுக் காரியம் என்றால் பெயரைச் சொல்லுவார்கள். அடுத்த வீட்டுக் காரியம் என்றால் பெயர் சொல்ல மாட்டார்கள், "பேரு ஆண்டவருக்குத் தெரியும்" என்பார்கள். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது பெரிய நாகரிகம் போலத் தெரியும். உள்ளே இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும், பெயர் சொல்லாத குறிப்பு வந்துவிட்டால் கண்ணை மூடியிருக்கிற அத்தனை பேரும் அது யார் என்று கண்டுபிடிக்கிற வேலையில் இறங்கிவிடுவார்கள் என்று. ஆமென் சொல்லும்போது பாதிப் பேருக்கு விடை தெரிந்திருக்கும். மீதிப் பேருக்குச் செருப்பு மாட்டும்போது தெரிந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை போதகரம்மா எழுந்தார்கள். "நம்ம சபையில ஒரு வாலிப மகள். வெளியூர்ப் பிள்ளை. நல்லாப் பாடுற பிள்ளை. பேரு ஆண்டவருக்குத் தெரியும். அசுத்தத்தின் பிடியில இருக்கா. கண்ணீரோட ஜெபிப்போம்" என்றார்கள்.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். பாடகர் குழுவில் வெளியூர்ப் பிள்ளை அவள் ஒருத்திதான்.

கூட்டம் முடிந்ததும் நேரே அவர்களிடம் போனேன். "அம்மா, என்ன இப்படிச் சொல்லிப்புட்டீக?"

"நான் பேரே சொல்லலையேக்கா!" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்கள். "எல்லாரும் சேர்ந்து ஜெபிச்சா பலம்தான?"

"பேரு ஒண்ணுதாம்மா பாக்கி. வீட்டு நம்பர் வரைக்கும் சொல்லிட்டீக."

முகம் வாடிப்போனார்கள். அவர்கள் மனதில் வன்மம் இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் வன்மம் இல்லாமல் சுட்டாலும் நெருப்பு சுடத்தானே செய்யும். மற்றவர்கள் எல்லோரும் புறணியைப் புறணி என்றே பேசுகிறார்கள். நாங்கள்தான் முழங்காலில் நின்று பேசுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் 'அசுத்தம்' என்ற ஒரு சொல்லுக்குக் கை கால் முளைத்தது. ஒருவர் அவளுக்குக் கல்யாணமான ஆளோடு தொடர்பு என்றார். இன்னொருவர் கருவைக் கலைத்துவிட்டாள் என்றார். மதுரைக்கு மாதம் இரண்டு முறை போகிறாளே, எதற்காம் என்றார் மூன்றாமவர். கூடப் போனது நான் என்று தெரிந்ததும், "அப்போ அந்த அக்காவும் உடந்தை" என்று முடித்தார்கள்.

சபையை நடத்துகிற பெரியவர்களான மூப்பர்கள் கூடிப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். பிறகு போதகர் எங்களை அழைத்தார். நானும் அவளும் போய் நின்றோம். பாடகர் குழுவில் இருந்து விலகி இருக்க வேண்டும், சபைக்கு முன் எழுந்து நின்று பாவத்தை அறிக்கையிட வேண்டும், மூப்பர்கள் கை வைத்து ஜெபித்து அந்த ஆவியை விரட்ட வேண்டும், அதுவரை அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துப் பந்திக்கு வரக் கூடாது என்றார். நல்ல மாப்பிள்ளை பார்த்து ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஐயா, அந்தத் தம்பிக்கும் இதேதான இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அது வேறக்கா. ஆம்பளைப் பையனுக்கு அது வயசுச் சோதனை. பொம்பளைப் பிள்ளைக்கு வருதுன்னா அது ஆவி."

இந்த இடத்தில் நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போதுதான் வார்த்தை வார்த்தையாக வந்தது, கேட்கத்தான் ஆளில்லை. அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். ஒரே கைபேசி, ஒரே அசிங்கம், ஒரே கண்ணீர். அவனுக்குக் கைதட்டல், இவளுக்குப் பேயோட்டல். அவனைக் கட்டிப் பிடித்தார்கள், இவளை எட்டி நிற்கச் சொன்னார்கள். எந்த வேதத்தில் ஐயா சிலுவையில் ஆணுக்கு ஒரு இரத்தம், பெண்ணுக்கு ஒரு இரத்தம் சிந்தப்பட்டது? கல்லோடு வந்த கூட்டத்தின் நடுவே ஒரு பெண்ணை நிறுத்தியபோது ஆண்டவர் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்டார்? அவளையா, கல் வைத்திருந்தவர்களையா? வருடா வருடம் அதைப் பிரசங்கம் பண்ணுகிறீர்களே, கையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்க்கக் கூடாதா?

அந்த வாரமே ஒரு மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் காப்பி கலந்து வைத்தேன். அவர் என் வீட்டுக்காரரிடம், "மாடியக் காலி பண்ணச் சொல்லிருங்க. நல்ல பேரோட இருக்குற குடும்பம். கெட்ட பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு?" என்றார்.

அதற்குள் என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். அவளே, "மாமாவுக்கும் சொல்லிருங்கக்கா, வெளியில இருந்து கேக்கக் கூடாது" என்று என்னைச் சொல்லச் சொல்லியிருந்தாள். அவர் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மூப்பரய்யா, என் கடைக்கு எரிஞ்ச மோட்டாருதான் வரும். நல்லா ஓடுற மோட்டார எவனாவது தூக்கிக்கிட்டு வருவானா? எரிஞ்சதக் கொண்டாராதீகன்னு நான் போர்டு மாட்டுனா, கடை எதுக்கு?"

மூப்பர் எழுந்தார். "வெளையாட்டுப் பேச்சு இல்ல இது" என்றார்.

"நானும் வெளையாடலய்யா. காப்பிய முடிச்சுட்டுப் போங்க, ஆறிப்போகும்."

முடிக்காமல்தான் போனார்.

சபைக்கு முன் எழுந்து நிற்க அவள் சம்மதிக்கவில்லை. மதுரை அம்மாவிடம் கேட்டோம். "தானா விரும்பிச் சொல்றது வேற, நிக்க வைக்கிறது வேற. இப்ப நிக்க வச்சா இவ உடைஞ்சு போவா" என்று உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் திருவிருந்து அவளுக்கு உயிர். அந்த அப்பத்தை வாங்குகிற மாதத்தில்தான் தன்னால் தாக்குப்பிடிக்க முடிகிறது என்பாள். மாத முதல் ஞாயிறு வந்தது. காலையில் தலைக்குக் குளித்து இறங்கி வந்தாள்.

"அக்கா, ஆண்டவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். போகலாமா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? "வா" என்றேன்.

எங்கள் சபையில் பந்தி நேரத்தில் வரிசையாகப் போய் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கம்பியோரம் முழங்கால்படியிட்டு, இரண்டு கையையும் குவித்து நீட்டுவோம். போதகர் ஒவ்வொரு உள்ளங்கையிலும் அப்பத்தை வைத்துக்கொண்டே போவார். அவள் எனக்கு இடப்பக்கம். போதகர் வலப்பக்கத்தில் இருந்து வந்தார். என் கையில் வைத்தார். அடுத்து அவள் கை. அந்தக் கைக்கு மேலே அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு தாண்டிப் போய் அவளுக்கு அடுத்திருந்த கிழவியின் கையில் வைத்தது.

அவள் கையை மடக்கவில்லை. குவித்தபடியே இருந்தாள். கண்ணை மூடியிருந்ததால் தாண்டிப் போனது அவளுக்குத் தெரியவில்லை, இன்னும் தன் முறை வரவில்லை என்றிருந்தாள். அந்த வெறும் உள்ளங்கைகளை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பசித்து வந்த பிள்ளையின் இலையைத் தாண்டிப் போடுகிற பந்தி உலகத்தில் எங்காவது உண்டா? நம் ஊர்க் கல்யாண வீட்டில் விரோதி வந்து உட்கார்ந்தால்கூட இலையைத் தாண்ட மாட்டானே பரிமாறுகிறவன்!

என் கையில் இருந்தது நகத்தளவு துண்டு. அதைப் பிய்த்தேன். பாதியை அவள் கையில் வைத்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த பாதியைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. அடுத்துக் கிண்ணம் கொண்டுவந்த மூப்பர் எங்கள் இருவரையுமே தாண்டிப் போனார். ஆண்கள் பக்கத்தில் முழங்காலில் நின்ற என் வீட்டுக்காரர், தன்னிடம் கிண்ணம் வந்ததும் வாங்காமல் எழுந்து, வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தார்.

எனக்கும் பந்தி நிறுத்தம் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவள் உடைந்துவிட்டாள். "என்னால உங்களுக்கும் கெட்ட பேரு" என்று சொல்லிவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். கொஞ்ச நாள் கழித்துத் தொலைபேசியில் ஒரு அழுகைச் சத்தம். "அக்கா, திரும்பவும் விழுந்துட்டேன். முன்னவிட மோசமா. இனிமே ஆண்டவர் என்னப் பாக்க மாட்டாரு. உசுரோட இருக்கவே புடிக்கல."

பக்கத்தில் இருந்து கேட்ட என் வீட்டுக்காரர், "என்னத்த யோசிக்கிற? போயிக் கூட்டிட்டு வா" என்றார். "அம்மாவ விட்டு நகராத, நான் வந்துக்கிட்டே இருக்கேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, மதுரை அம்மாவுக்கும் போன் போட்டு அவளோடு பேசச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் சிங்கம்புணரிக்கு ஏறினேன்.

அவளுடைய அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கதை எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. "சொல்லுங்கம்மா, என் புள்ளைய எவன் ஏமாத்துனான்? எத்தனாவது மாசத்துல கலைச்சா? இவளக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. எங்க மதினி போன் போட்டுச் சொல்லுது, உங்க சபையே பேசுதாமே!"

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். அந்த அம்மாவை உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த எளிய வார்த்தையில், ஒன்றையும் கூட்டாமல் சொன்னேன். குடிக்கு அடிமையாவது போல இது ஒன்று, இந்தக் கைபேசியால் வருவது, மருத்துவம் நடக்கிறது, நன்றாகி வந்துகொண்டிருந்தாள் என்றேன்.

அந்த அம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கடைசியில், "அம்புட்டுத்தானா?" என்றார்கள்.

"அம்புட்டுத்தான்."

"அடியேய்! அந்தப் போனுக்கா இம்புட்டுப் பாடு? நான் வெசத்த வாங்கிட்டு வந்து ரெண்டு பேரும் குடிச்சுருவமான்னு இருந்தேனடி, பாவி மகளே!" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தார்கள். பிறகு அதே கையால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார்கள். சபையில் கிடைக்கும் என்று அவள் ஆசைப்பட்டுப் போன அந்தக் கட்டிப்பிடித்தல், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவைத் தாயிடம் கிடைத்தது. நானும் அழுதேன்.

நேரே மதுரைக்குக் கூட்டிப் போய்விட்டுத்தான் காரைக்குடிக்கு வந்தோம். அவள் அம்மாவும் கூடவே வந்து கொஞ்ச காலம் மாடியில் தங்கினார்கள். பேயும் ஓடவில்லை, இடியும் விழவில்லை. விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள், மறுபடி எழுந்தாள். விழுகிற இடைவெளி நீண்டுகொண்டே போனது. 'விடுதலை' என்று நாங்கள் மேடையில் ஒரே சொல்லில் முடிக்கிற காரியம் உண்மையில் இப்படித்தான் வருகிறது, வீடு கூட்டுவதைப் போல, தினமும். சில வருடங்களில் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துப் போனாள். நன்றாக இருக்கிறாள். "கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கல்யாணம் அதற்கு மருந்தும் இல்லை, சான்றிதழும் இல்லை.

வாலிபர் கூட்டத் தலைவரான அந்தத் தம்பி ஒருநாள் என்னைக் கடைவீதியில் பார்த்து நின்றார். "அக்கா, அன்னைக்கு எனக்கும் பேசணும் போல இருந்துச்சு. பேச முடியல" என்றார்.

"பேசியிருக்கலாம் தம்பி. நீங்க ஒரு ஆளு பேசியிருந்தா அவ ஊருக்குப் போயிருக்க மாட்டா" என்றேன். பட்டென்று சொல்லிவிட்டேன். இப்போது யோசித்தாலும் அதை மாற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பந்தி நிறுத்தத்தை யாரும் எதுவும் சொல்லாமலே எடுத்துவிட்டார்கள். ஒரு முதல் ஞாயிறு போதகர் என் கையில் அப்பத்தை வைத்தார், அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் எங்கள் சபையில் தினமும் புழங்குகிறது, கேட்பதற்கு மட்டும் யாரும் எடுப்பதில்லை. இதற்கிடையில் சத்தமில்லாமல் ஒன்று நடந்தது. சபையில் இருந்தும் வெளியில் இருந்தும் ஒன்றிரண்டு பெண்பிள்ளைகள் எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியே வரத் தொடங்கினார்கள். "அக்கா, உங்ககிட்டச் சொன்னா வெளிய போகாதாமே" என்பார்கள். மதுரை அம்மா சொன்னபடி நடந்துகொள்கிறோம். சேர்ந்து சமைக்கிறோம், ஜெபிக்கிறோம், தேவைப்பட்டால் மருத்துவரிடம் போகிறோம். அங்கே ஜெபக்குறிப்பு மட்டும் கிடையாது. அவரவர் காரியத்தை அவரவர் வாயால் மட்டும்தான் சொல்ல வேண்டும்.

சமீபத்தில் தேவகோட்டையில் ஒரு சுவிசேஷக் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர். நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். நடுவில் அவர் ஒரு கதை சொன்னார். காரைக்குடிப் பக்கம் ஒரு சபையில் ஒரு பாவியான பெண் இருந்தாளாம். கருவைக் கலைத்தவளாம். திருவிருந்தில் அப்பத்தைத் தொட்டதும் கீழே விழுந்து உருண்டாளாம். மூப்பர்கள் கை வைத்ததும் ஆவி அலறிக்கொண்டு ஓடியதாம். இன்று கல்யாணமாகிக் கணவனோடு ஊழியம் செய்கிறாளாம். கூட்டம் 'அல்லேலூயா' என்று ஆர்ப்பரித்தது. தாண்டிப் போன கை கதையில் இல்லை. வெறும் உள்ளங்கை இல்லை. அவளை அடித்து அணைத்த தாய் இல்லை. யார் அவளைத் தள்ளினார்களோ அவர்களே மீட்டவர்களாக நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கூட்டத்துல என்னைய மாதிரி எத்தனை பிள்ளைக இருந்திருக்கும்க்கா? அதுக எல்லாம் இப்ப நமக்கும் ஆவிதான் புடிச்சிருக்குன்னு நெனைச்சிருக்கும்ல?"

"ஆமாடி."

"எழுதுங்கக்கா. எனக்குப் பயம் இல்ல. பேரு மட்டும் வேண்டாம். மத்ததெல்லாம் நடந்தது நடந்தபடி எழுதுங்க."

எழுதிவிட்டேன். படித்தவர்கள் இதை நான்கு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்காகத்தான் எழுதினேன். ஆனால் சொல்லும்போது இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவளை இதைவிடக் கெட்டவளாக்க வேண்டாம், என்னை இதைவிட நல்லவளாக்க வேண்டாம். பேயைச் சேர்க்க வேண்டாம். தாண்டிப் போன கையை விட்டுவிட வேண்டாம். எங்கோ ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளைக்கு இது போய்ச் சேரும்போது, அவளுக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.